நல்ல உழைப்பாளி

கால்பந்துப் பேச்சில் ஒரு ஆட்டக்காரரை "நல்ல உழைப்பாளி" என்று சொன்னால் அது பாராட்டு மாதிரிதான் கேட்கும். கொஞ்ச காலம் அந்தப் பேச்சுக்குள்ளேயே கிடந்தவர்களுக்கு அதன் உள்ளர்த்தம் தெரியும். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "ரொம்ப நல்ல குணம்" என்று ஆரம்பிப்பார்களே, அந்த மாதிரி. வேறு எதையோ சொல்லாமல் விடுவதற்காகச் சொல்லப்படும் வார்த்தை. முப்பது வயதைத் தாண்டியவரைப் பற்றிச் சொல்லும்போது அதில் இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொள்ளும். இவரிடமிருந்து இனிப் புதிதாக எதுவும் வராது, இருப்பதைக் குறையில்லாமல் தருவார், அது போதும்.

எனக்கு இந்த வார்த்தையோடு பழைய பகை உண்டு. காரணம் ஜேம்ஸ் மில்னர்.

மில்னரைப் பிடிக்கும் என்று சொல்வதே ஒரு காலத்தில் நகைச்சுவையாக இருந்தது. ட்விட்டரில் 'போரிங் ஜேம்ஸ் மில்னர்' என்று ஒரு கேலிக் கணக்கு இருந்தது. மில்னர் டீ போடுவார், துணி தேய்ப்பார், அதைப் பற்றி மனைவியிடம் விளக்கமாகச் சொல்வார், அவ்வளவுதான் அதில் நடக்கும். லட்சக்கணக்கானோர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 2018இல் மில்னரே ட்விட்டருக்கு வந்து இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றபோது இன்னும் அதிகமாகச் சிரித்தேன். ஆனால் கேலிக்கு அடியில் இருந்த கணிப்பு எனக்கு உறுத்தலாகவே இருந்தது. உழைப்பவன் சலிப்பானவன், அவனிடம் ஆச்சரியம் எதுவும் மிச்சமில்லை என்ற கணிப்பு.

*

2002இல் இங்கிலாந்தில் இரண்டு பதினாறு வயதுப் பையன்கள் அடுத்தடுத்து வந்தார்கள். அக்டோபரில் எவர்ட்டனின் வெய்ன் ரூனி, ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் போட்டு பிரீமியர் லீக்கிலேயே மிக இளவயதில் கோல் அடித்தவர் ஆனார். அந்தச் சாதனை மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. டிசம்பர் 26 அன்று லீட்ஸ் அணியின் மில்னர், சண்டர்லாந்துக்கு எதிராக கோல் அடித்து அதை முறியடித்தார். அப்போது அவருக்கு 16 வயது 356 நாள்.

பிறகு நடந்ததில் சந்தேகமே இல்லை. ரூனி மேதை. மான்செஸ்டர் யுனைடெட்டில் அவர் செய்தவற்றில் பாதியைக்கூட மில்னர் செய்யவில்லை. ஆனால் ரூனி 2021 ஜனவரியில், 35 வயதில், ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். அவரைவிட மூன்று மாதத்துக்கும் குறைவாகவே இளையவரான மில்னர் 2025இலும் பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். ரூனி உழைக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் சொல்பவர்கள் அவர் ஆடிப் பார்க்காதவர்கள். முன்வரிசை ஆட்டக்காரர் தன் பெனால்டி பாக்ஸ் வரை ஓடிவந்து பந்தைப் பிடுங்கிய காட்சியை அவரிடம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். உழைப்பும் உடம்பில்தான் எழுதப்படுகிறது. பதினாறு வயதில் தொடங்கியவருக்கு முப்பது வயதிலேயே பதினான்கு வருஷக் கணக்கு ஏறியிருக்கும்.

முப்பதுக்குப் பிறகு உழைப்பின் வேலையே மாறிவிடுகிறது. திடீரென வேகமெடுக்க உதவும் தசைநார்களின் வலு குறைய ஆரம்பிக்கிறது. சனிக்கிழமை ஆட்டத்தின் களைப்பு முன்பு திங்கள் அன்று போயிருக்கும், இப்போது புதன் வரை நிற்கும். அதே இடத்தில் இருப்பதற்கே முன்பைவிட அதிகம் உழைக்க வேண்டும். கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். மிஞ்சுவதுதான் அசலில் கழியும். மூத்த ஆட்டக்காரர் ஒருவர் போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் ஆடுகிறார் என்றால் அவர் சும்மா நிற்கிறார் என்று பொருளில்லை, வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறார்.

மில்னர் வட்டி கட்டுவதில் கெட்டிக்காரர். மது தொடுவதில்லை. அவர் ஆடிய காலத்தில் லிவர்பூல் அணியில் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் லாக்டேட் சோதனை நடக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஓடவிட்டு, இடையிடையே ஒரு துளி ரத்தம் எடுத்து, தசை எந்த இடத்தில் திணற ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார்கள். 2022இல், 36 வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர்களோடு ஓடி அவர்தான் முதலில் வந்தார். இந்தச் செய்தியைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். "பாத்தியா, உழைப்பாளிடா!"

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அசல். அந்த மனிதர் முப்பது வயதுக்குப் பிறகு புதிதாக என்ன கற்றுக்கொண்டார் என்பது.

*

மில்னர் விங்கராகத் தொடங்கியவர். ஆஸ்டன் வில்லாவில் அவரை மையத்துக்கு நகர்த்தினார்கள். அந்த 2009-10 சீசனின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது கிடைத்தது. மான்செஸ்டர் சிட்டியில் இரண்டு முறை லீக் பட்டம். 2015இல் லிவர்பூல் வந்தபோது வயது 29. மைய நடுகளத்தில் ஆட வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். 2016-17 சீசனில் யுர்கன் க்ளாப் அவரை லெஃப்ட் பேக் ஆக்கினார். வலது கால்காரர், முப்பது வயது, டிஃபெண்டராக வளராதவர், இடது ஓரத்தில்.

டிவியில் பார்க்கும்போது இது என்ன பெரிய விஷயம், பத்து மீட்டர் பின்னால் நிற்பதுதானே என்று தோன்றும். மையத்தில் ஆடுபவருக்கு ஆபத்து எல்லாத் திசையிலிருந்தும் வரும், உதவியும் எல்லாத் திசையிலும் இருக்கும். ஓரத்தில் ஒரு பக்கம் கோடு. எதிரே வருபவன் ஊரிலேயே வேகமானவன். அவன் உள்ளே வெட்டுவானா, வெளியே போவானா என்று அரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த அரை நொடியில் பதினாலு வருஷப் பழக்கம் தவறான பக்கம் இழுக்கும். மில்னர் அந்த சீசன் முழுக்க அங்கே ஆடினார். லிவர்பூல் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. மறு கோடையில் ஆண்டி ராபர்ட்சனை வாங்கினார்கள், மில்னர் நடுகளத்துக்குத் திரும்பினார். அந்த 2017-18 சாம்பியன்ஸ் லீக்கில் ஒன்பது கோல்களுக்குப் பந்து எடுத்துக்கொடுத்தார். 32 வயதில், தன் ஐரோப்பிய ஆட்டத்தின் உச்சம்.

லெஃப்ட் பேக்காகக் கற்றது வீணா? 2019 மே 7. பார்சிலோனாவிடம் முதல் சுற்றில் 0-3 தோற்றுவிட்டு ஆன்ஃபீல்டில் இரண்டாம் சுற்று. சலா இல்லை, ஃபிர்மினோ இல்லை. ஒரிகி ஒரு கோல் போட்டிருந்தார். இடைவேளையில் ராபர்ட்சனால் தொடர்ந்து ஆட முடியவில்லை. லெஃப்ட் பேக் போய்விட்டால் இன்னொரு டிஃபெண்டரை இறக்குவதுதான் வழக்கம். க்ளாப் மில்னரைப் பின்னால் அனுப்பிவிட்டு, நடுகளத்துக்கு வைனால்டமை இறக்கினார். வைனால்டம் 54ஆவது நிமிடத்தில் ஒன்று, 56ஆவது நிமிடத்தில் ஒன்று. கடைசியில் 4-0.

அந்த இரவைப் பற்றிப் பேசும்போது வைனால்டமின் இரண்டு கோல்கள் வரும், அலெக்சாண்டர்-ஆர்னால்டின் திடீர் கார்னர் வரும். மில்னர் பின்னால் போய் நின்றது வராது. அவர் அங்கே நின்றதால்தான் வைனால்டம் உள்ளே வர இடம் கிடைத்தது. முப்பது வயதில், விருப்பமில்லாமல், எல்லோரும் தற்காலிகம் என்று நினைத்த ஒரு வேலையை அவர் ஒழுங்காகக் கற்றிருந்தார். மூன்று வருஷம் கழித்து நாற்பத்தைந்து நிமிடங்களில் அது வசூலானது. விசில் ஊதியதும் மைதானத்தில் அழுதுகொண்டிருந்தார். எந்தக் கேலிக் கணக்கிலும் இல்லாத மில்னர்.

அனுபவமுள்ளவர்களின் முன்னேற்றம் பெரும்பாலும் இப்படித்தான் மறைந்து கிடக்கிறது. இளைஞன் முன்னேறினால் கண்ணுக்குத் தெரியும். போன வருஷம் ஐந்து கோல், இந்த வருஷம் பதினொன்று. மூத்தவர் முன்னேறினால் அது பக்கத்தில் நிற்பவனின் கணக்கில் ஏறும்.

*

பெங்களூரில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு கட்டட மொட்டைமாடியில் இருக்கும் டர்ஃபில் நாங்கள் ஆடுவோம். எல்லாம் ஐடி உடம்பு. பத்து நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடும். எங்களோடு ஒரு மலையாளி சேட்டன் ஆடுவார். மலப்புறத்துக்காரர், இளமையில் செவன்ஸ் ஆடியவர். வயது 47. ஒரு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆனால் பந்து எப்போதும் அவரிடம் வந்துகொண்டே இருக்கும், அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது.

சில வாரம் பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பார்த்தேன். பந்து அவரிடம் வருவதற்கு முன்பு இரண்டு முறையாவது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். பந்து காலில் படும்போது எந்தப் பக்கம் ஆள் இருக்கிறான் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. கேட்டேன்.

"வண்டி ஓட்டும்போ மிரர் பாக்கறதில்லே? அதுதான்."

"சின்ன வயசிலயும் இப்படித்தானா சேட்டா?"

"ஏய், இல்லா. அப்போ ஓடியே போய்டும். முட்டி போனதுக்கு அப்புறம் படிச்சதாணு."

இதை ஆராய்ச்சியாகவே செய்தவர் நார்வேயைச் சேர்ந்த கெயர் யோர்டெட். பிரீமியர் லீக் நடுகள ஆட்டக்காரர்கள் பந்து வருவதற்கு முன் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்கள் என்று வீடியோவில் எண்ணினார். அதிகம் பார்ப்பவர்கள் அதிகமான பாஸ்களைச் சரியான ஆளிடம் சேர்த்தார்கள். ஃபிராங்க் லாம்பார்டு அதில் முன்வரிசையில் இருந்தார். பார்ப்பதற்குத் தசைநார் வலு தேவையில்லை. முப்பத்தைந்திலும் கூட்டிக்கொள்ளலாம். லூக்கா மோட்ரிச் 33 வயதில் பாலோன் தோர் வாங்கியதும், நாற்பதை நெருங்கும்போதும் ரியல் மாட்ரிட்டில் இருபது வயதுப் பையன்களுக்கு நடுவில் சட்டை கசங்காமல் ஆடியதும் இந்த வகைக் கற்றலால் என்றுதான் நினைக்கிறேன். ரொனால்டோ வேறு வழியில் போனார். ஓரத்தில் ஓடி நான்கு பேரை ஏமாற்றுவதை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, பெனால்டி பாக்ஸுக்குள் எங்கே, எப்போது இருக்க வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை விட்டுவிடுவதே கற்றல்.

ஆக, அனுபவசாலியிடம் முன்னேற்றத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "பாவம், எவ்வளவுதான் ஓடுவாரு, விடுங்கப்பா" என்று கரிசனமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதிர்பார்ப்பதை நிறுத்துவது என்பது ஒரு மனிதரைப் பார்ப்பதை நிறுத்துவதும்தான்.

*

இதை நான் மைதானத்துக்கு வெளியேதான் முதலில் புரிந்துகொண்டேன். என் டீமில் 46 வயதான ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வருஷத்துக்கும் மேல் மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவருடைய அப்ரைசலை எழுத வேண்டியவன் நான். போன வருஷம் ரேட்டிங் கூட்டத்தில் மேலே இருப்பவர் ஒருவர் சொன்னார்: "ஹார்ட் வொர்க்கர்தான், டவுட்டே இல்ல. ஆனா க்ரோத் எங்க?" ஆள் குறைப்பு நடக்கும் காலத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நான் ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முன்பெல்லாம் நள்ளிரவில் சிஸ்டம் விழுந்தால் அவர்தான் எழுந்து விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்வார். எல்லோரும் பாராட்டுவார்கள். அந்த வருஷம் அவர் அப்படி உட்காரவே இல்லை. ஒவ்வொரு முறை விழுந்ததையும் பற்றி, எங்கே பார்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று இரண்டிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். இரண்டு வருஷ அனுபவமுள்ள பெண் ஒருத்தி, அதைப் பார்த்து அரை மணி நேரத்தில் சரிசெய்திருந்தாள். அவளுக்கு அந்த வருஷம் நல்ல ரேட்டிங். நியாயம்தான், அவள் கெட்டிக்காரி. ஆனால் அந்தக் கோலுக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்ல வேண்டுமில்லையா? சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு அவரோடு தனியாகப் பேசும்போது, படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே கேட்டேன். "அடுத்த வருஷம் என்னண்ணா புதுசா கத்துக்கப் போறீங்க?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சங்கடப்படுத்திவிட்டோமோ என்று நினைத்தேன்.

"நாலு வருஷமா இத யாரும் என்கிட்ட கேக்கலப்பா," என்றார். "ரேட்டிங் சொல்வாங்க, தேங்க்ஸ் சொல்வாங்க. எந்திரிச்சு வந்துருவேன்."

அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார். கற்றுக்கொள்ள நினைத்தவற்றின் பட்டியல் அவரிடம் தயாராக இருந்தது.

*

எதிர்பார்ப்பதில் ஒரு மோசமான வகையும் உண்டு. அதற்கு உதாரணம் சொல்ல வெளிநாடு போகத் தேவையில்லை. சுனில் சேத்ரி இருக்கிறார்.

2024 டிசம்பர் 7 அன்று கன்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸை 4-2 என வென்றது. சேத்ரி மூன்று கோல் அடித்தார். அன்று அவருக்கு வயது 40, அதோடு 126 நாள். ஐந்தடி ஏழு அங்குல மனிதர், தன்னைவிட அரையடி உயரமான டிஃபெண்டர்களுக்கு நடுவில் இத்தனை வருஷமாகத் தலையால் கோல் போட்டுக்கொண்டிருக்கிறார். எப்போது குதிக்க வேண்டும் என்பது தெரிந்தால் எவ்வளவு குதிக்க முடியும் என்பது இரண்டாம் பட்சம். இதுவும் அந்த அசல் கணக்குதான். பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

ஆனால் அந்த வருஷம் ஜூன் 6 அன்றே அவர் நாட்டுக்காக ஆடுவதிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கொல்கத்தா சால்ட் லேக்கில், குவைத்துக்கு எதிராக, கோல் இல்லாத டிராவில். 2005இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டுத் தொடங்கியவர், 94 கோல்களோடு விடைபெற்றார். 2024 முழுவதும் இந்தியா ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவரும் வந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிரான 3-0 வெற்றியில் தலையால் ஒரு கோல் போட்டார். 95.

நண்பர்கள் வாட்ஸ்அப்பில் துள்ளினார்கள். "தல இன்னும் தலதான்!" எனக்கு அந்த கோல் பிடித்திருந்தது. ஆனால் அதைக் கேட்டு வாங்கிய விதம் பிடிக்கவில்லை. இருபது வருஷமாக ஒருவர் கோல் போட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த ஸ்ட்ரைக்கரை வளர்க்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? ஐஎஸ்எல் அணிகள் அந்த இடத்துக்கு வெளிநாட்டுக்காரர்களையே வாங்குகின்றன. இந்தியப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் அல்லது விங்குக்குத் தள்ளப்படுவான். ஆடாதவன் எப்படிக் கற்பான்? இது தெரிந்தும், ஒரு நாட்டின் கால்பந்து மொத்தமும் செய்யாமல் விட்டதை நாற்பது வயதுக்காரர் ஈடுகட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தோம். 2018இல் மும்பையில் வெறும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பார்க்க ஆடிவிட்டு, "எங்களைத் திட்டுங்க, விமர்சனம் பண்ணுங்க, ஆனா மைதானத்துக்கு வாங்க" என்கிற பொருளில் அவரே வீடியோ போட வேண்டியிருந்தது. ரசிகர்களைச் சேர்க்கும் வேலையும் கேப்டன் தலையில். 2025 அக்டோபரில் மார்காவோவில் சிங்கப்பூரிடம் 1-2 தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பைக்கான கதவும் மூடியது. அவருடைய உழைப்பால் அதைத் திறந்துவைக்க முடியவில்லை. யாருடைய தனி உழைப்பாலும் முடியாது.

மில்னரிடமும் சேத்ரியிடமும் கேட்கப்பட்டவற்றுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் எனக்கு முக்கியம். மில்னரிடம், "உனக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்" என்றார்கள். கற்றுக்கொள்ள ஒரு சீசன் கொடுத்தார்கள், தவறு செய்ய இடம் கொடுத்தார்கள், சுற்றிலும் நல்ல ஆட்கள் இருந்தார்கள். சேத்ரியிடம், "நீ எப்போதும் இருந்தது போலவே இரு, எங்களுக்கு வேறு ஆளில்லை" என்றோம். முதலாவதில் மனிதர் வளர்கிறார். இரண்டாவதில் அவர் முட்டுக்கொடுக்கும் கம்பு ஆகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் மூத்தவர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டிருப்பார், நாம் கைதட்டிக்கொண்டிருப்போம்.

*

எல்லாக் கற்றலுக்கும் ஒரு கரை உண்டு. 2023இல் பிரைட்டனுக்குப் போன மில்னருக்கு மறு வருஷம் முட்டியில் அடிபட்டது. சிகிச்சைக்குப் பிறகு நரம்புச் சிக்கலால் பல மாதம் தன் பாதத்தைத் தூக்கவே முடியவில்லை என்று பிறகு சொன்னார். அந்த சீசன் கிட்டத்தட்ட முழுவதும் போனது. 39 வயது. பிரீமியர் லீக்கில் 600க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் அப்போது அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, நடந்தால் போதும் என்றுதான் இருந்தது.

2025 ஆகஸ்ட் 31 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக பிரைட்டனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சற்று முன்புதான் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்திருந்த மில்னர் பந்தை எடுத்து வைத்தார். முதுகில் எண் 20. அந்த ஜூலையில் விபத்தில் இறந்த, லிவர்பூலில் அவரோடு ஆடிய டியோகோ ஜோட்டாவின் எண். ஆறு மாதம் தூக்க முடியாத பாதம் பற்றியெல்லாம் அப்போது ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. அடித்தார், கோல். டெடி ஷெரிங்ஹாமுக்கு அடுத்து, பிரீமியர் லீக்கில் மிக மூத்த வயதில் கோல் அடித்தவர் ஆனார். 2002இல் மிக இளையவராக இருந்த அதே ஆள். ஜோட்டா கொண்டாடுவது போலவே உட்கார்ந்து, வீடியோ கேம் ஆடுவதாகக் கைகளை வைத்துக்கொண்டார்.

வர்ணனையாளர்கள் வழக்கம்போல உழைப்பைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒலியைக் குறைத்துவிட்டு மீதி ஆட்டத்தில் அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எங்கோ இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு இளைஞனை நாலு அடி இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டினார். அந்தப் பையன் நகர்ந்தான்.